அணைத்து வைத்த சுடர்

காஸ் கணப்பின் பொத்தானைத் தட்டினாள். டிக்.

பொறி வரவில்லை.

இடது கை குமிழை உள்ளே அழுத்திப் பிடித்திருந்தது. வலது பெருவிரல் தட்டித் தட்டிச் சிவந்து போயிருந்தது. மறுபடியும் தட்டினாள். டிக். டிக்.

மேலே பிள்ளையின் அழுகை நின்றிருந்தது.

அழுதபோது இவ்வளவு பயம் இல்லை.

காலையில் உறைபனி மழை கொட்டிக் கரண்ட் போனது. தெருமுனை மரம் கம்பிகளோடு சேர்ந்து சாய்ந்து கிடந்தது. கார் ஒன்றும் அசையவில்லை. அவளுடைய புருஷன் நகுலேசின் லொறி எங்கோ நெடுஞ்சாலையில் நின்றது. மேல்வீட்டில் இருக்கும் நகுலேசின் அத்தானும் வேலைக்குப் போன இடத்திலேயே அகப்பட்டுவிட்டார். ஃபோன்கள் செத்து வெகுநேரம். வீட்டில் மிஞ்சியது, பேஸ்மென்டில் அவள். மேலே அவளுடைய மச்சாள், நகுலேசின் அக்கா துஷ்யந்தி. மச்சாளின் கைக்குழந்தை.

மேலே இருப்பது புதுக் கணப்பு. ரிமோட்டை அமுக்கினால் தானாகப் பொறி பறந்து மூளும். வீடு குடிபுகுந்த அன்று, வந்தவர் போனவருக்கெல்லாம் மச்சாள் அதைப் போட்டுப் போட்டுக் காட்டினாள். அந்தப் பொறிக்குக் கரண்ட் வேண்டும் என்பதை அன்றைக்கு யார் யோசித்தார்கள்.

கீழே இருப்பது பழைய சாமான். அதற்குக் கரண்ட் வேண்டாம். அடியில் ஒரு சின்ன நீலச் சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். குமிழைத் திருப்பினால் போதும், பெரிய நெருப்பு அதிலிருந்து பற்றிக்கொள்ளும்.

எரிந்துகொண்டிருந்திருந்தால்.

வெயில் காலம் தொடங்கியதும் அவள்தான் அதை அணைத்தாள். ஊரில் காஸ் சிலிண்டரைப் பூட்டாமல் ஒரு நாளும் படுத்தறியாத கை. யாரும் பார்க்காமல் ஒரு நெருப்பு வீட்டுக்குள் எரிவதை அவளால் பொறுக்க முடியவில்லை. "அது அப்பிடியே கிடக்கட்டுமப்பா," என்று நகுலேஸ் சொன்னான். கேட்டால்தானே.

டிக்.

காஸ் மணம் மூக்கில் ஏறியது. குமிழை மூடிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

பொத்தான் பழுது. இனிக் குச்சிதான். ஆனால் மணம் போகாமல் குச்சியைக் கிழித்தால் வீடே போய்விடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள். இருந்த சூடும் அதன் வழியே போனது.

மேலே நடக்கிற சத்தமும் இல்லை.

அந்தக் குழந்தையை அவள் ஒரு தரமும் தூக்கியதில்லை. பிள்ளை பிறந்த துடக்குக் கழிவுக்குக்கூட மேலே போகவில்லை. ஆனாலும் சீலிங்குக்கூடாகக் கேட்டுக் கேட்டு அதன் அழுகையெல்லாம் அவளுக்குத் தெரியும். பசி அழுகை, நித்திரை அழுகை, சும்மா ஒரு சிணுங்கல்.

பிள்ளை பிறந்த புதிதில் ஒரு நாள். இரவு ஓட்டம் முடிந்து வந்த நகுலேஸ் பகலில் நித்திரை வராமல் புரண்டுகொண்டிருந்தான். அவள் வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அதன் காம்பால் சீலிங்கில் இடித்தாள். படி உச்சியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"பெத்தவளுக்குத்தான் அது அழுகை. மற்றவைக்குச் சத்தம்."

ஏழு வருஷமாகப் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவளிடம் சொன்ன வார்த்தை. அன்று பின்னேரமே படி உச்சிக் கதவுக்குத் தன் பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

கணப்புக்குள் முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். மணம் இல்லை. இல்லை என்றுதான் நினைத்தாள்.

சாமித்தட்டிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்துவந்தாள். விரல் விறைத்து முதல் குச்சி முறிந்தது. அடுத்ததைக் கிழித்து, உள்ளே நீட்டி, குமிழை அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பொஃப்.

கண்ணைத் திறந்தாள். நீலமாக, நகத்தளவு நெருப்பு.

உடனே கையை எடுக்கக் கூடாது. பக்கத்துக் கம்பி சூடேறும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்தால் போய்விடும். நில்லு, நில்லு என்று நெருப்பிடம் கெஞ்சினாள்.

மெல்ல விட்டாள்.

நின்றது.

குமிழைத் திருப்பினாள். கணப்பு முழுக்க மஞ்சளாக மூண்டது.

தும்புத்தடியை எடுத்துச் சீலிங்கில் தட்டினாள். அசைவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். தட்டின பிறகுதான் உறைத்தது, இந்தச் சத்தத்தை மச்சாள் என்னவென்று எடுப்பாள்.

தடியைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். தாழ்ப்பாள் குளிரில் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள்.

கதவோடு ஒட்டி, நிலத்தில் குந்தியிருந்தாள் மச்சாள். குளிர்க்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். உள்ளே பிள்ளை. உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"நீர் பொத்தானைத் தட்டித் தட்டிப் பாக்கிறது கேட்டுது," என்றாள். உதடு சரியாக அசையவில்லை. "மூளட்டும் எண்டு இருந்தனான்."



தோளைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள். பிள்ளையை வாங்கி நெருப்பின் முன் மடியில் வைத்தாள். முகம் வெளிறியிருந்தது. பிஞ்சுப் பாதத்தைத் தேய்த்தாள். வாயால் ஊதினாள். மறுபடியும் தேய்த்தாள். மச்சாள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு பிள்ளை மூக்கைச் சுளித்தது. வாயைத் திறந்து வீடு அதிர வீரிட்டது.

மச்சாள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். "தாரும். சத்தம் போடுறான்."

அவள் கொடுக்கவில்லை.

"அழட்டும் மச்சாள்," என்றாள். "அழட்டும்."