கழற்றிய முகக்கவசங்கள்

மசிந்தி ஊர்ப் பக்கத்துக் காட்டில் இருக்கும் ஐம்பத்தாறு சிம்பன்சிகளையும், தினமும் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் எங்களுக்கு முகம் பார்த்தே தெரியும். எங்கள் சளி அவற்றுக்குத் தொற்றாமலிருக்க நாங்கள் முகக்கவசம் போட்டுக்கொள்வோம். அப்படியும் அவை எங்களை அடையாளம் கண்டுவிடும்.

புசிங்கே என்ற தாய்ச் சிம்பன்சி எங்களோடு வேலை பார்த்த இசிங்கோமாவைக் கண்டால் மட்டும் அலறும். ஒருநாள் அவன் முகக்கவசம் போடாமல் இருமிக்கொண்டு வந்தான். அந்த வாரமே அதன் குட்டி செத்தது. ஏப்ரலில் அவனும் போய்விட்டான். குழி தோண்டியது நாங்கள்தான்.

இன்று காலை நான், குகோன்சா, நியாங்கோமா மூவரும் போனோம். புசிங்கே எங்களுக்குப் பின்னால் பார்த்து அலறியது.

"யாரையோ அவன்னு நெனச்சிருச்சு," என்றேன்.

"சந்தையில சொந்த மச்சினிச்சியவே யாருன்னு கேட்டவன் நீ. அது மாத்திப் பாக்காது," என்றாள் நியாங்கோமா.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

மதியம் முகாமில் முகக்கவசங்களைக் கழற்றி, எரிப்பதற்கான தகர டப்பாவில் போட்டோம். காலையில் அதைக் காலி செய்து கழுவி வைத்தவன் நான். தீக்குச்சியோடு குனிந்த குகோன்சா அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே நான்கு கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நான்கும் மூச்சின் ஈரம் காயாமல் வெதுவெதுப்பாக இருந்தன.