பெயர் போடாத தீர்ப்பு

"முகம் தெரியாதவங்களைத் திட்டினா பாவம் வராதாப்பா?" என்று மகள் ஒருமுறை கேட்டபோது, தகவல் தொடர்புத் துறைப் பேராசிரியர் சிரித்துவிட்டுப் போனார்.

இன்று அவருடைய துறையின் புது விரிவுரையாளர் கண்கலங்க வந்து நின்றாள்.

"ஆய்விதழ்ல என் கட்டுரையைத் தள்ளிட்டாங்க சார். அது வரலைன்னா எனக்கு வேலை நிரந்தரமாகாது."

"காரணம் சொன்னாங்களா?"

"'செயற்கை நுண்ணறிவு எழுதியது, மனித அனுபவம் துளியும் இல்லை'ன்னு ஒரே வரி. எங்கம்மாவுக்குக் காது கேக்காது சார். அவங்களும் நானும் கையாலயே பேசி வளர்ந்ததைத்தான் எழுதினேன்."

பேராசிரியர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். "உட்காரும்மா. தண்ணி குடி."

"யார் எழுதினதுன்னு மதிப்பிடுறவருக்குத் தெரியாதாம். மதிப்பிட்டது யாருன்னு எனக்கும் சொல்ல மாட்டாங்களாம். அந்த மகராசன் படிச்சிருக்கவே மாட்டாரு. ஏதாவது மெஷின்கிட்ட குடுத்துக் கேட்டிருப்பாரு!"

"இருக்கலாம்மா," என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி.

"உங்களை மாதிரி ஒருத்தர் கையில கிடைச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா சார்?"

அவள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். எழுதியவர் பெயரில்லாமல் போன மாதம் தனக்கு மதிப்பீட்டுக்கு வந்த அந்தக் கட்டுரையைக் கணினியில் திறந்து, முதன்முறையாகப் படித்தார். பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

பிறகு இதழாசிரியருக்கு எழுதினார்: "நான் படிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதை ரத்து செய்யுங்கள். என்னை மதிப்பீட்டாளர் பொறுப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். கட்டுரையை வேறொருவருக்கு அனுப்புங்கள். படிக்கிறவராகப் பார்த்து அனுப்புங்கள்."