அளவு ரவிக்கை

மகள் அபிநயா இறந்த பிறகு வசுமதி முதன்முறையாகத் தனக்கென்று ஒரு சேலை எடுத்தாள். மயில்கழுத்து நிறம். அதற்கு ஏற்ற ரவிக்கைத் துணியும் வாங்கி, அளவுக்கு பீரோவில் கைக்கு அகப்பட்ட பழைய ரவிக்கை ஒன்றையும் சேர்த்து சலீம் பாயின் தையல் கடையில் கொடுத்தாள். எதிர்க் கடையில் ஒரு ரோஸ்மில்க் குடித்தாள். அது ருசித்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வாங்கப் போன அன்று திரைக்குப் பின்னால் நின்று போட்டுப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

"என்ன பாய் இது? கையே நுழையல!"

"நீங்க குடுத்த அளவுக்குத்தான்க்கா தைச்சேன்."

சலீம் பாய் பழைய ரவிக்கையை மேசைமேல் விரித்தார். கொக்கி பிய்ந்த இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. கல்லூரி விழாவன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று குதித்துக்கொண்டிருந்த அபிநயாவை நிற்கவைத்து வசுமதி குத்திவிட்ட ஊக்கு.

"பரவால்லக்கா, உள்ள துணி விட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் பிரிச்சா உங்களுக்குச் சரியாயிடும்" என்று அவர் பிளேடை எடுத்தார்.

வசுமதி சட்டென்று புது ரவிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்க பாய். இந்த அளவே இருக்கட்டும்."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் ரவிக்கையைத் திருப்பி, முதுகுப் பக்கத்தை மெதுவாக நீவிவிட்டாள்.

"பின்கழுத்தை மட்டும் நல்லா இறக்கி, கயிறு வச்சுக் குடுங்க. ஒவ்வொரு தடவையும் கேப்பா. நான்தான் வேணாம்பேன்."