ஒரே ஒரு ஜெயம்

"ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு விஜய்ராஜ், அன்னிக்கே உன்னைய விட்டுர்றேன்" என்றார் நாகராஜ்.

கம்பத்தில் பழைய ஏலக்காய் கோடவுனுக்குள் குத்துச்சண்டை ரிங். மெத்தை வைத்த நாற்காலியில் போட்டிகள் நடத்தும் நாகராஜ். மேஜைக்குப் பின்னால் சங்கச் செயலாளர் சீனிச்சாமி. கயிற்றை ஒட்டிய ஸ்டூலில் நடுவர் ஷேக் மைதீன். சாக்கு மூட்டை மேல் விஜய்ராஜும் அவன் மனைவி மகாலட்சுமியும். வாசலில், பயிற்சிக்கு வந்த இளவட்டங்கள்.

விஜய்ராஜுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. புதுப் பையன்களின் பெயரைத் தூக்கிவிட, மூன்றாவது ரவுண்டில் அவனை விழச் சொல்வார் நாகராஜ். விழுவான். இப்போது முழங்கால் நிஜமாகவே தள்ளாடியது. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளி கோச் வேலை தரத் தயார். ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும் நாகராஜின் கடிதம் இன்று தபாலில் சேர்ந்தால்தான் உண்டு.

"சொன்ன சொல் மாற மாட்டீகளேண்ணே?" என்றாள் மகாலட்சுமி.

"சங்கத்துக்கு முன்னாடிதான சொல்றேன் ஆத்தா."

"எதிராளி யாருன்னு நாங்க சொல்லலாமா?"

நாகராஜ் வாசலைப் பார்த்துச் சிரித்தார். அங்கே நின்றவர்கள் எல்லாம் அவர் வளர்த்த பயல்கள். இவனிடம் தோற்க ஒருவனும் துணிய மாட்டான்.

"யாரா இருந்தாலும் சரி. கிளவுஸ மாட்டிட்டு ஏறச் சொல்லு. இப்பயே வச்சுக்குவோம்."

ரிங்கில் ஏறிய ஆளைப் பார்த்து அவர் வாயைத் திறப்பதற்குள் ஷேக் மைதீன் மணியை அடித்துவிட்டார்.

விஜய்ராஜ் இடது கையை நீட்டினான். தோளைத் தொட்டதோ இல்லையோ, எதிரே நின்ற ஆள் வாழைமரமாய்ச் சாய்ந்தது. விழுந்த லாவகத்தில் அவனே அசந்துபோனான். அப்படியே அவன் விழும் பாணி.

ஷேக் மைதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பத்து வரை எண்ணினார். வாசலில் விசில் பறந்தது.

"என்னய்யா இது ஏமாத்து வேலை?" நாகராஜ் எழுந்துவிட்டார்.

"இந்த மாதிரி விழுகிறதுக்குத்தானய்யா இத்தன வருசமா டிக்கெட் வித்தீக?" சீனிச்சாமி விடுவிப்புக் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். "போடுங்க கையெழுத்த."

வேறு வழியில்லாமல் போட்டார்.

தோற்றுக் கிடந்த எதிராளி எழுந்து, பல்லால் கிளவுஸைக் கழற்றி, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, கடிதத்தை உறையிலிட்டு ஒட்டினாள். "என்னையப் பாத்துக்கிட்டே நிக்காம, தபாலாபீஸ் மூடுறதுக்குள்ள வண்டிய எடுங்க" என்று புருஷன் கையில் அதைத் திணித்தாள்.