சகலையின் உறுமல்

சகலையின் டீசல் கார் தெருமுனையில் உறுமும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்னுடையதும் அதே கார்தான். பூனை மாதிரி வரும்.

"என் சகலை, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழட்டிட்டார். அதான் அந்த உறுமல், அந்த வேகம். எனக்கும் கழட்டுப்பா" என்றேன் மெக்கானிக்கிடம்.

"வேணாம் சார். சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. புகைச் சோதனையில மாட்டிக்குவீங்க."

"அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒண்ணா? கழட்டு!"

கழட்டியதை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, தெருவே அதிர உறுமிக்கொண்டு சகலை வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் பதறி ஓடிவந்தார்.

"அடடா! உங்க கன்வெர்ட்டரையும் திருடிட்டாங்களா சகலை? என்னோடதைப் போன மாசம் எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். புகைச் சோதனையில ஃபெயில். நல்லவேளை, நம்ம மெக்கானிக்கிட்ட நேத்து ஒண்ணு கிடைச்சுது. எவனோ ஒரு கிறுக்கன் நல்லா இருந்ததைக் கழட்டிப் போட்டுட்டுப் போனானாம்!"