உப்பில்லாத போண்டா

"ஹாலோவீன் அன்னைக்குப் பேயெல்லாம் வீட்டுக்கு வருமாம். மிஸ் சொன்னாங்க. நம்ம வீட்ல பார்ட்டி வைக்கலாமாம்மா?" அண்ணன் இறந்தபின் இதழினி வாய்திறந்து கேட்ட முதல் ஆசை அது. செண்பகாவால் மறுக்க முடியவில்லை. மிளகுக் கண் வைத்த இட்லிப் பேய்கள் செய்தாள். அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு போண்டாவும் போட்டாள்.

வெள்ளைத் துணி போர்த்திய பிள்ளைகள் கூடமெங்கும் ஓடினார்கள். ஒரு பேய் துணியை விலக்கி போண்டாவைக் கடித்தது. "ஆன்ட்டி, உப்பே இல்ல."

அப்போதுதான் செண்பகாவுக்கு உறைத்தது. எதையுமே அவள் ருசி பார்த்திருக்கவில்லை. படையலுக்குச் சமைக்கும்போதுதான் அப்படிச் செய்வாள்.

உப்பு டப்பாவோடு வந்த இதழினி, தோழிகளைத் தாண்டிப் போய், மூலையில் தனியாக வைத்திருந்த தட்டில் முதலில் தூவினாள்.

"உப்பு கம்மின்னா அவன் எந்திரிச்சுப் போயிருவான்மா."