சுற்றும் அட்டையில் ஒரு கோடு

தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளி. ஷரீபா டீச்சர் வீட்டிலிருந்து தூக்கிவந்த கிராமபோன் மேசைமேல் சுற்றுகிறது. இசைத்தட்டு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அட்டை. அதன்மேல் ஸ்கேலை அசையாமல் பிடித்து, நடுவிலிருந்து விளிம்புவரை சாக்பீஸை நேராக இழுக்கிறாள். அட்டையில் விழுவதோ வில்லாய் வளைந்த கோடு. “ஒளியும் இப்படித்தான், பிள்ளைங்களா. நமக்கு நேராப் போகும். தட்டோட சேர்ந்து சுத்துற எறும்புக்கு வளைஞ்சு போகும். ஒளிக்கு வேகம் ஜாஸ்தி, அதனால வளைவு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.” சன்னல் வெயிலில் சாக்பீஸ் தூசி மினுங்குகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்வையிடும் இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார். “ஒளி நேராத்தான் போகும்மா. உங்க கைதான் கோணிடுச்சு. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? தையல் சொல்லிக் குடுங்க.” முக்காட்டுக்குள் ஷரீபாவின் காது கொதிக்கிறது. எத்தனை வருஷமாய்க் கரும்பலகையில் கோணாத கை! “நீங்களே இழுங்க சார்” என்று சாக்பீஸை நீட்டுகிறாள். அவர் எழுந்து வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்கேலை இறுகப் பிடித்து இழுக்கிறார். முதல் கோட்டின் பக்கத்திலேயே, அதே வளைவில், இன்னொன்று விழுகிறது. அவர் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். “பாட்டுப்பெட்டி ரிப்பேரும்மா” என்கிறார்.